மேடை நடுக்கம் தணிய

பிரபுடதேவ மன்னனின் சபையோர் முன்னிலையில் அருணகிரிநாதர் பாட, முருகன் தூணில் தரிசனம் தந்தான் என்னும் ஐதிகத்தைத் தாங்கி நிற்பது, திருவண்ணாமலை ஆலயத்துக் கம்பத்திளையனார் சந்நிதி. அவ்வூர் உற்சவங்களில் பாட அமரும் இளம் வித்துவான்கள் மனத்திற் கொள்ளத்தக்கவை இவை:

• சபையோர் நம்மை எவ்வாறு மதிப்பரோ என்னும் சிந்தை எழும்போதெல்லாம், அதனோடு வாதாடாமல், செவியைத் தம்புராவின் சுருதியில் நிறுத்துக.

• நித்திய சாதகத்தால் நன்கு கைவந்த வர்ணத்தையே முதல் உருப்படியாகக் கொள்க.

• மேடையேறுமுன் மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதனினும் நீளமாக வெளிவிட, இருதயப் படபடப்புத் தணியும்.

• வீட்டாரும் நண்பரும் அமர்ந்து கேட்க, பிழை நேரினும் நிறுத்தாமல், கச்சேரி முழுவதையும் முன்னரே ஒருமுறை பாடிப் பழகுக.

• ஒரு ஸ்வரம் பிசகியதைத் தம் யோக்கியதைக்கே அளவுகோலாகக் கொள்ளாமல், மறுநாள் சாதகத்திற்குரிய பாடமாகக் கொள்க.