படிக்க ஆளில்லாதபோதும் எழுதலாமா?

கேள்வி: புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. சோர்ந்துபோகாமல் தொடர்வது எப்படி?
– ஒரு வாசகர், நோணாங்குப்பம்

பதில்: உங்கள் புதுச்சேரியிலேயே இதற்கு முன்னோடி உண்டு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் நாட்குறிப்பைத் தொடங்கி 1761 வரை எழுதினார். கப்பல் வரவு, வியாபாரம், வழக்கு, ஊர்ப்பேச்சு எல்லாம் அதில் இடம்பெற்றன. அவர் காலத்தில் அது அச்சேறவில்லை. 1846-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதை ஆதாரமாகக் கொண்ட ‘வானம் வசப்படும்’ நாவலுக்காகப் பிரபஞ்சன் 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

பிள்ளைக்கு ஊரே விஷயம் தந்தது. நோணாங்குப்பத்துக்காரரான உங்களுக்குச் சுண்ணாம்பாறு இருக்கிறது.

படகுத்துறை, மீன் விலை, கடலூர் சாலை நெரிசல் என நாளுக்கு ஒன்றாகப் பத்து வரி எழுதலாம். எழுதும் நண்பர் ஒருவரோடு வாரம் ஒருமுறை மாற்றிப் படிக்கலாம். அந்த ஒரு வாசகர் கிடைத்தாலே அடுத்த வாரத்துக்கும் எழுதக் கை வரும்.