ஜமுனாமரத்தூரில் கடை போடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஜெராக்ஸ் கடையோடு டைப்பிங், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேர்த்துப் போடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆபீசையும் போட்டோஷாப்பையும் மாதச் சந்தாவில் எடுப்பதா, ஒரே தடவை காசு கட்டி வாங்கிவிடுவதா என்று கேட்டிருக்கிறாய். உன் கடைக்குப் பெரும்பாலும் இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் நீள்கிறது.

முன்பு மென்பொருள் சி.டி.யில் வரும். அப்படி அடைத்து விற்கும் மென்பொருளும் சரக்குதான், அதற்கும் விற்பனை வரி உண்டு என்று 2004-ல் டாடா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 மே மாதம் போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி அந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த கிரியேட்டிவ் சூட் 6 (சிஎஸ்6)-தான் ஒரே விலைக்கு விற்ற கடைசித் தொகுப்பு. அதன்பின் போட்டோஷாப், இன்டிசைன் எதுவானாலும் சந்தாதான். மைக்ரோசாஃப்ட் 2011-லேயே ஆபீஸ் 365-ஐத் தொடங்கியது. ஒரே தடவை காசு கட்டும் ஆபீசையும் இன்னும் விற்கிறது. கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு.

மேகம், கிளவுட் என்றெல்லாம் சொல்வதால் மென்பொருள் எங்கேயோ வானத்தில் ஓடுகிறது என்று நினைத்துவிடாதே. சந்தாவில் எடுக்கும் போட்டோஷாப்பும் வேர்டும் உன் கணினியில்தான் ஏறும். அதைத் திறக்கும் அனுமதி மட்டும் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365, 31 நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தில் போய், சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் கோப்பைப் பார்க்கலாம், பிரிண்ட் போடலாம். ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. கூகுள் டாக்ஸிலும் இணையம் இல்லாதபோது வேலை செய்ய வழி உண்டு, ஆனால் இணையம் இருக்கும்போதே அந்த வசதியைப் போட்டு வைத்திருக்க வேண்டும். கரண்ட் போனால் டவரும் சேர்ந்து போகிற உன் மலையூரில் இது எப்படிப்பட்ட சங்கடம் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சந்தாவைத் தவறாமல் கட்டினால் தொல்லை இல்லை என்பார்கள். 2025 ஜூலையில் குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு நடந்ததைப் பார். ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் அதில் பங்குதாரர் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அந்நிறுவனத்தின் மீது தடை விதித்தது. சில நாளில் மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்தியது. காசு முழுவதும் கட்டியிருந்தும் மின்னஞ்சலும் சொந்தத் தரவும் கைக்கு எட்டவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போனது. அந்த மாதக் கடைசிக்குள் சேவை திரும்ப வந்துவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு டெல்லியில் வக்கீல் வைக்க முடிந்தது. நீ எங்கே போவாய்?

அப்படியானால் சொந்தமாக வாங்குவதே மேல் என்று அவசரப்படாதே. போளூரிலோ செங்கத்திலோ பழைய டி.டி.பி. கடை ஏதாவது ஒன்றில் போய் உட்கார்ந்து பார். மூலையில் ஒரு பழைய கணினி இருக்கும். நெட் இணைப்பு கிடையாது, உறை போட்டு வைத்திருப்பார்கள், வேறு யாரையும் தொட விடமாட்டார்கள். அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் இருக்கும். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். இருபது வருடத்துப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் மலர் எல்லாம் அதற்குள் கிடக்கிறது. யூனிகோடு பரவாத காலத்து எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "திருமண அழைப்பிதழ்" என்பது ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை கொட்டியதுபோல் தெரியும். இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தது. சந்தாவுக்கு மாறிய பிறகு வந்த இன்டிசைன் திறப்பதில்லை. காசு கட்டி வாங்கிய மென்பொருள்தான், யாரும் பிடுங்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு கணினி படுத்தால் இருபது வருட வேலையும் படுத்துவிடும்.

இந்தச் சிக்கலில் மாட்டாமல் இருப்பதற்கு நல்ல உதாரணம் உன் மலையிலேயே இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்கள். 1977 மார்ச்சில் யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்த இரவில், அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. இப்போது வைனு பாப்பு பெயரைத் தாங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். தொலைநோக்கியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். எடுத்த படத்தை வானியலாளர்கள் எந்தக் கோப்பில் வைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஃபிட்ஸ் என்று ஒரு வடிவம். 1981-ல் அதன் விதிகளை வெளியிட்டார்கள். படத்துக்கு முன்னால் 80 எழுத்து நீள வரிகளாக எந்தத் தேதி, எந்தத் தொலைநோக்கி, எத்தனை விநாடி ஒளி வாங்கியது என்பதெல்லாம் சாதாரண எழுத்தில் எழுதியிருக்கும். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். புதிய விதி எது வந்தாலும் பழைய கோப்பு செல்லாமல் போகக் கூடாது என்பது அவர்கள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. வாடிகன் நூலகம் தன் பழஞ்சுவடிகளைப் படமெடுத்துச் சேமிக்க இந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

அந்தப் படங்களை அலசி ஆராய உலகமெங்கும் வானியலாளர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தது அமெரிக்காவில் எழுதப்பட்ட ஐராஃப் என்ற மென்பொருள். இலவசம், மூல நிரலும் கையில் கிடைக்கும். 2013 வாக்கில் அதை உருவாக்கிய நிறுவனம் மேம்படுத்துவதை நிறுத்தியது. ஆனால் மென்பொருள் சாகவில்லை. பயன்படுத்துகிறவர்களே நிரலை எடுத்துச் சரிபார்த்து ஓட்டுகிறார்கள். கோப்பு திறந்த வடிவில் இருந்ததால், வேண்டாமென்றவர்கள் பைத்தானில் எழுதிய ஆஸ்ட்ரோபைக்கு மாறிக்கொண்டார்கள். பழைய படம் ஒன்றும் வீணாகவில்லை.

சாமை விளைந்ததும் வீட்டில் விதைக்கென்று தனியாக எடுத்து வைக்கிறார்களே, அதுபோலத்தான். விதை கையில் இருக்கிறவன் அடுத்த வருஷம் யாரையும் கேட்டு நிற்க வேண்டாம். ஆகவே மென்பொருள் யாருடையது என்பதைவிட, சந்தாவை நிறுத்தினாலும் நான் செய்த வேலையை இன்னொன்றில் திறக்க முடியுமா என்று கேள்.

உன் கடைக்கு வருவோம். விண்ணப்பம், மனு, பில் எல்லாவற்றுக்கும் லிப்ரெ ஆபீஸ் போதும். தமிழிலேயே மெனு வரும். அதன் கோப்பு வடிவம் 2006-லேயே சர்வதேசத் தரமாகிவிட்டது. போட்டோ வெட்டி, பின்னணி மாற்றி, ஒரு தாளில் எட்டு அடுக்க கிம்ப் போதும். பத்திரிகைக்கு இங்க்ஸ்கேப் அல்லது ஸ்கிரைபஸ். தமிழை எப்போதும் யூனிகோடிலேயே அடி. எல்லாம் இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். கை பழக ஒரு மாதம் எரிச்சலாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சந்தாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாமை, தேன், புளி வாங்கி விற்கும் குழுவுக்குக் கணக்கு எழுதித் தரும் வேலை வந்தால் டாலி கேட்பார்கள். அதை ஒரே தடவை வாங்கிக்கொள்ளலாம். வருடச் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டாலும் கணக்கு எழுத முடியும், புதிய பதிப்பும் ஜி.எஸ்.டி. இணைப்பு வசதிகளும்தான் நின்றுபோகும். வரி விதி அடிக்கடி மாறுகிறது, அதற்கேற்ப யாரோ மென்பொருளைத் திருத்துகிறார்கள், அந்த உழைப்புக்குக் காசு கொடுப்பது நியாயம்தான். இடி விழுந்து கணினி கருகினாலும் பிழைக்க, முக்கியமான கோப்புகளின் ஒரு பிரதியை கிளவுடில் வைப்பதும் புத்திசாலித்தனம். ஒரே பிரதி மட்டும் அங்கே இருக்கக் கூடாது.

காசு மிச்சம் என்று கிராக் போட்ட போட்டோஷாப்பை யாராவது பென்டிரைவில் கொண்டுவருவார்கள். வேண்டாம். சாதிச் சான்றுக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்க வரும் மலைச் சனங்களின் ஆதாரும் கைபேசி எண்ணும் உன் கணினியில்தான் ஏறப்போகிறது. கிராக்கோடு சேர்ந்து என்ன வரும் என்று அதைக் கொடுத்தவனுக்கே தெரியாது.

கடை திறக்குமுன் ஒரு வேலை செய்துவிடு. காலேஜில் நீ இதுவரை செய்த டிசைன்களை எல்லாம் இப்போதே ஒவ்வொன்றாகத் திறந்து, பி.டி.எஃப். ஆக ஒரு பிரதி எடுத்து வை. திறக்காமல் போனவை எத்தனை என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்