எட்டு மில்லிமீட்டர் ஆள்



சென்ற நவராத்திரிக்கு எங்கள் கிளையில் வழக்கமான கொலுவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேசை போட்டோம். தலைப்பு ‘இந்திய தேசிய இராணுவமும் மலாயாத் தமிழரும்’. வெறும் படமாக ஒட்டி வைத்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், ஏதாவது செய்து வை என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன் என்றால் மின்விசிறி பழுது பார்ப்பதிலிருந்து தேர் அலங்காரம் வரை எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை!

எனக்கும் ஆசை இருந்தது. என் தாத்தாவின் அப்பா ஐ.என்.ஏ.வில் இருந்தவர். தொப்பி போட்ட ஒரு மங்கிய படம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் உள்ள எங்கள் கடைவீட்டு மாடியில் தொங்குகிறது. அவருக்குப் பதக்கமும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. தோட்டத்துக்குத் திரும்பிப் போய் மரம் சீவினார், அவ்வளவுதான்.

முதலில் சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தைச் செய்யலாம் என்று நினைத்தேன். 1945 ஜூலை 8ல் நேதாஜி அடிக்கல் நாட்டிய சின்னம் அது. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 1995ல்தான் ஓர் அடையாளப் பலகை வைக்கப்பட்டது. ஆனால் அதன் நகல் மணிப்பூரில் மொய்ராங்கில் ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு நம்ம ஊர்ச் சங்கதி வேண்டும். பினாங்குக்கு என்று ஒன்று உண்டு, அது நீர்மூழ்கிக் கப்பல்.

ஜப்பானியர் காலத்தில் பினாங்குத் துறைமுகம் நீர்மூழ்கித் தளமாக இருந்தது. 1942 செப்டம்பரில் வக்கம் அப்துல் காதரும் தோழர்களும் இங்கிருந்துதான் நீர்மூழ்கியில் புறப்பட்டு, மலபார் கரையில் தானூர் அருகே இறங்கினார்கள். பிடிபட்டார்கள். 1943 செப்டம்பர் 10ல் சென்னைச் சிறையில் காதர் தூக்கிலிடப்பட்டார். வயது 26. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். இதை எழுதும்போதும் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் பினாங்கிலிருந்து ஐ-29 என்ற நீர்மூழ்கி புறப்பட்டது. ஜெர்மனியிலிருந்து யு-180ல் வந்துகொண்டிருந்த நேதாஜியையும் அவருடைய செயலாளர் அபித் ஹசனையும் 1943 ஏப்ரல் 28ல் மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் ஏற்றிக்கொண்டது. அலை பெரிதாக இருந்ததால் கப்பல்கள் ஒன்றையொன்று நெருங்க முடியவில்லை. கயிறு கட்டிய ரப்பர் படகில்தான் இருவரும் மாறினார்கள். சுமத்ராவின் வடமுனையில் உள்ள சபாங்கில் இறங்கி, தோக்கியோ போய், ஜூலை 2ல் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு கப்பல், நடுவில் ஒரு படகு, அதில் இரண்டு ஆள். இதைத்தான் செய்வது என்று முடிவு செய்தேன்.

இனி செய்முறை. உங்கள் கிளையிலும் யாராவது முயலலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்த மாதிரிக்கும் முதலில் அளவுவிகிதத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஐ-29ன் நீளம் 108.7 மீட்டர். கடையில் விற்கும் கப்பல் மாதிரிகள் பெரும்பாலும் 1:700 அல்லது 1:350. 1:700ல் கப்பல் 15.5 சென்டிமீட்டர்தான் வரும். மனிதன் இரண்டரை மில்லிமீட்டர்கூட வரமாட்டான், அரிசியைவிடச் சின்னது. எனக்குக் கப்பலைவிட ஆள்தான் முக்கியம். அதனால் 1:200 எடுத்தேன். ஐ-29 54.4 செ.மீ., 87.6 மீட்டர் நீளமுள்ள யு-180 43.8 செ.மீ., 165 செ.மீ. உயரமுள்ள ஒரு மனிதன் 8 மில்லிமீட்டரும் கொஞ்சமும். எட்டு மில்லிமீட்டரில் கை தெரியும், தலை தெரியும், முகம் தெரியாது.

நம் கொலுவில் தெப்பக்குளம் வைப்போம் இல்லையா, அதுபோல ஒரு தட்டில் நிஜத் தண்ணீர் ஊற்றிக் கப்பல்களை மிதக்க விட ஆசைப்பட்டேன். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள், நானும் ஏமாந்தேன். நீளம் 200 மடங்கு குறைந்தால் எடையும் 200 மடங்கு குறையும் என்று நினைக்கக்கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றுமே குறைகின்றன. அதனால் எடையை 200 x 200 x 200, அதாவது 80 லட்சத்தால் வகுக்க வேண்டும். நீர்மட்டத்துக்கு மேல் மிதக்கும்போது ஐ-29 ஏறத்தாழ 2600 டன். 80 லட்சத்தால் வகுத்தால் 325 கிராம்! உண்மைக் கப்பல் எந்தக் கோட்டுவரை தண்ணீரில் அமிழுமோ, மாதிரியும் அதே கோட்டுவரை அமிழ அந்த எடை இருக்க வேண்டும். 1610 டன் யு-180க்கு 201 கிராம்.

உடல்பாகத்தைக் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்தேன். இயந்திரத்தின் மேடை சின்னது, அதனால் மூன்று துண்டு. முதல் தடவை முனை வளைந்து வாழைப்பழம் மாதிரி வந்தது. மூன்றாம் தடவை சரியாக வந்து, ஒட்டி, தேய்த்து, நிறுத்துப் பார்த்தால் 240 கிராம். மீன்பிடிக்கிறவர்கள் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு 85 கிராம் வாங்கி உள்ளே போட்டேன். அண்டாவில் விட்டதும் கப்பல் அப்படியே பக்கவாட்டில் படுத்துவிட்டது. எடை சரி, இடம் தப்பு. ஈயத்தை அடிப்பக்கத்தில், முதுகெலும்பு மாதிரி, முனையிலிருந்து முனைவரை பரப்பி ஒட்டிய பிறகுதான் நிமிர்ந்து நின்றது. நிலைப்பு பற்றி வகுப்பில் எத்தனையோ மணி நேரம் கேட்டது அந்த அண்டாவில்தான் புரிந்தது.

இன்னொரு விஷயம். இந்த வகைக் கப்பலில் கோபுரத்துக்கு முன்பக்கம் சிறு விமானம் வைக்கும் கொட்டகையும், அதை ஏவும் தண்டவாளமும் உண்டு. 14 செ.மீ. பீரங்கி பின்பக்கம் இருக்கும். நான் அவசரத்தில் பீரங்கியை முன்னால் ஒட்டி, பிறகு பிடுங்கினேன். தழும்பு இன்னும் தெரிகிறது.

கைப்பிடிக் கம்பிகள்தான் பெரிய சோதனை. அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைப் பற்றவைக்க என் கைக்கு வரவில்லை. எங்கள் சாலையில் நகை செய்யும் பத்தர் அண்ணன் ஒருவரிடம் எடுத்துப் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “என்னா தம்பி, மூக்குத்தி கூட இதைவிடப் பெருசா செய்வோம்” என்றார். ஊதுகுழலை எடுத்து ஒரே மதியத்தில் முடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. நேதாஜி பேரைச் சொன்னதும் கையைக் கழுவிவிட்டு வந்து அந்தப் படகைத் தொட்டுப் பார்த்தார்.

எல்லாம் முடிந்து கடைசி வேலையாகக் கப்பலில் உதயசூரியக் கொடியை ஒட்டினேன். மாதிரி செய்கிறவனுக்கு உண்மைதானே முக்கியம், கப்பல் ஜப்பானியருடையது, கொடி இருக்கத்தான் வேண்டும் என்பது என் வாதம். காயட்டும் என்று மாடியில் மேசைமேல் வைத்திருந்தேன். பாட்டி வந்தார். என் அம்மாவின் அம்மா, எண்பதைத் தாண்டியவர்.

“இது யாரு கப்பல்?”

சொன்னேன். முழுக் கதையையும் சொன்னேன். நேதாஜி பெயரைக் கேட்டுக் கும்பிட்டார். பிறகு கொடியைக் காட்டினார்.

“எங்கப்பாவ சயாமுக்கு இழுத்துட்டுப் போனவனுங்க கொடி இது. நான் அப்ப கைக்குழந்த. திரும்பி வரல. இத சாமி பக்கத்துலயா வைக்கப் போற?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். இரு முனைகளிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளம் ஒன்று சேர்ந்தது 1943 அக்டோபர் 17ல். நான்கே நாள் கழித்து, அக்டோபர் 21ல், சிங்கப்பூரில் நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. கேப்டன் லட்சுமியின் கீழ் அணிவகுத்த பெண்களில் நிறைய பேர் நம் தோட்டத்துப் பிள்ளைகள். அதே தோட்டங்களிலிருந்துதான் பல்லாயிரம் பேரை ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். என் குடும்பத்தில் ஒரு கொள்ளுத்தாத்தா இந்தப் பக்கம், இன்னொருவர் அந்தப் பக்கம். மாடியில் ஒருவர் படம்தான் இருக்கிறது. மற்றவருக்குப் படமே இல்லை. இது எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் வெட்கம்.

கொடியைப் பிடுங்கினேன். உண்மையை மறைக்கவில்லை, எந்த நாட்டுக் கப்பல் என்று விளக்க அட்டையில் எழுதினேன். 1944 ஜூலை 26ல் அமெரிக்க நீர்மூழ்கி அதை மூழ்கடித்ததையும் எழுதினேன். ஆனால் நாம் மரியாதை செய்வது கப்பலுக்கு அல்ல, அதில் ஏறிய ஆட்களுக்கு. அதனால் சாம்பல் நிறக் கப்பல்கள் இரண்டையும் மங்கலாகவே விட்டுவிட்டு, படகில் இருந்த இரண்டு எட்டு மில்லிமீட்டர் ஆட்களுக்கு மட்டும் வெள்ளை அடித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் முதலில் அந்த வெள்ளைதான் கண்ணில் படும்.

கொலுவன்று சின்னப் பிள்ளைகள் தட்டைச் சுற்றி முண்டியடித்தார்கள். தண்ணீரில் விரல் விட்டு அலை எழுப்பினார்கள். நான் தடுக்கவில்லை, நிஜத்தில் அலை அதைவிட மோசம்.

இந்த ஆண்டு மேசையில் ரயில் பாதையும் இருக்க வேண்டும் என்று கிளைக் கூட்டத்தில் கேட்டேன். “அவங்க கூலியாளுங்க, போர் வீரர் இல்லையே, தலைப்புக்குப் பொருந்தாதே” என்றார் ஓர் அண்ணன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தலைப்பை மாற்றுவோம் என்றேன். வாக்கெடுப்பு வரை போய், நான்கு ஓட்டு வித்தியாசத்தில் தலைப்பு மாறியது.

அதே 1:200. அந்தப் பாதை மீட்டர் பாதை, அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர். பத்தர் அண்ணன் பித்தளைக் கம்பியை மெலிதாக இழுத்துக் கொடுத்துவிட்டார். கட்டைகளுக்குத் தீக்குச்சி. மருந்தை உடைத்துப்போட்டு, குச்சியை ஒரே அளவாக நறுக்க வேண்டும். அந்த வேலையைப் பாட்டி வாங்கிக்கொண்டார். சாயந்திரம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து நறுக்குகிறார், எண்ணி எண்ணிப் பழைய பிஸ்கட் டின்னில் போடுகிறார். நேற்று வரை 340.