பழைய லாண்ட் ரோவரின் கியர்பெட்டிக் கோளாறுகள்
புத்தளம் மாவட்டக் கரையோரக் கமக்காரர்களுக்கு

கற்பிட்டிக் குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் செய்கைபண்ணப்படும் தோட்டங்கள் பல, தார் வீதியினின்றும் விலகி, தளர்ந்த மணற்பாதைகளின் முடிவிலே அமைந்துள்ளன. வண்ணாத்திவில்லுப் பகுதியிலோ, கலா ஓயா பெருகுங்காலத்தில் எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தின்மேல் நீர் பாய்வது வழக்கம். இத்தகைய இடங்களில் நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டி ஓர் ஆடம்பரப் பொருளன்று. ஆயினும் புதிய வண்டி வாங்குதல் எல்லார்க்கும் இயல்வதில்லை. 2020 மார்ச்சு முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், உள்ள பழைய வண்டிகளையே பேணவேண்டிய நிலை மேலும் இறுகிற்று.

இங்குக் கூறப்படுவன லாண்ட் ரோவர் சீரீஸ் 2 (1958), 2ஏ (1961), 3 (1971 முதல் 1985 வரை) ஆகிய வண்டிகளை முன்வைத்துச் சொல்லப்படுவன. வேண்டியபோது மட்டும் முன்சில்லுகளுக்கு வலுவைச் செலுத்தும் பிற பழைய ஜீப்புகளுக்கும் இவற்றுட் பெரும்பாலானவை பொருந்தும். 1983இல் வெளிவந்த ஒன் டென் போன்று, எக்காலமும் நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டிகளின் அமைப்பு வேறு.

“கியர்பெட்டி போய்விட்டது” என்று தீர்ப்புக் கூறப்படும் வண்டிகளுட் பலவற்றில் குற்றம் கியர்பெட்டிக்குள் இருப்பதில்லை. பெட்டியைக் கழற்றுவதற்கு ஆசனங்களையும் தரைத்தகடுகளையும் அகற்ற வேண்டும். கூலியும் உதிரிப்பாகமும் சேர்ந்து ஒரு போகத்தின் இலாபத்தை விழுங்கிவிடலாம். ஆகவே திறக்குமுன் ஆராய்தல் வேண்டும். ஆராய்ச்சிக்குக் காசு செலவில்லை.

குற்றம் எங்கே உள்ளது?

எஞ்சினின் வலு முதலிற் கிளச்சுக்கும், அதிலிருந்து பிரதான கியர்பெட்டிக்கும், அதன்பின் அதனோடு பொருத்தப்பட்ட டிரான்ஸ்பர் பெட்டிக்கும் செல்கின்றது. அங்கிருந்து இரண்டு புரொப்பெல்லர் தண்டுகள் முன் அக்சிலுக்கும் பின் அக்சிலுக்கும் அதனைக் கொண்டுசெல்கின்றன. இவ்வழியை மனத்திற் கொண்டால் பாதி வேலை முடிந்ததாகும்.

கியர் விழ மறுத்து அரைபடுகின்றதா? எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர்களை மாற்றிப் பார்க்க. நின்ற எஞ்சினில் எளிதாக விழுந்து, ஓடும் எஞ்சினில் மட்டும் அரைபடுமாயின் கிளச்சு முற்றாக விடுபடவில்லை என்று கொள்க. கிளச்சு எண்ணெய்க் குழாயிற் காற்றுப் புகுந்திருக்கலாம். சிலிண்டரின் இறப்பர் தேய்ந்து ஒழுகலாம். இவை சிறு செலவில் தீர்வன. சீரீஸ் 2, 2ஏ வண்டிகளில் முதலாம், இரண்டாம் கியர்களுக்குச் சின்குரோமெஷ் இல்லை என்பதையும் மறத்தலாகாது. அவற்றிற்கு இறங்கும்போது இரட்டைக் கிளச்சு மிதியாத சாரதி எழுப்பும் ஒலி, பெட்டியின் நோயன்று.

இரைச்சலைக் கேட்கும் முறையும் உண்டு. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிடுக. கிளச்சை மிதிக்கும்போது இரைச்சல் மறையுமாயின் கியர்பெட்டியின் முன்பக்கத்துப் பெயாரிங்குகள் தேய்ந்திருக்கலாம். முதல் மூன்று கியர்களிலும் முழங்கி நான்காவதில் அடங்குமாயின் கீழுள்ள லே தண்டைச் சந்தேகிக்க. நான்காம் கியரில் வலு அத்தண்டின் வழியாகச் செல்லாமல் நேரே செல்கின்றது. ஒரு கியரில் மட்டும் ஒலித்தால் அந்தக் கியரின் பற்களே காரணம். வண்டி நியூட்ரலில் உருளும்போதும் ஒலி தொடர்ந்தால், பிரதான பெட்டியை விட்டுப் பின்னாலுள்ளவற்றை நோக்குக. புறப்படும்போது “டக்” என்று ஓர் அடி கேட்பது பெரும்பாலும் புரொப்பெல்லர் தண்டின் மூட்டுத் தேய்வினாலாகும். வண்டியின் கீழே படுத்துத் தண்டைக் கையால் அசைத்துப் பார்த்தால் அது தெரியும்.

வேகங் குறைக்கும்போது இரண்டாம் கியர் தானாகக் கழலுதல் இவ்வண்டிகளில் அடிக்கடி காணப்படும் குறை. உள்ளே தேய்வு மிக்கிருந்தால் பெட்டியைத் திறத்தல் தவிர்க்க முடியாதது. ஆனால் கியர்த்தண்டைப் பிடித்து நிறுத்தும் குண்டின் வில் தளர்ந்தாலும் இதுவே நிகழும். அவ்வில்லை மாற்றுவது மிகச் சிறிய வேலை. அதை முதலிற் செய்து பார்க்கும்படி கராஜில் வற்புறுத்துக.

மஞ்சட் குமிழும் சிவப்புக் குமிழும்

நமது கரையோரத்தில் மிகுதியான சேதம் இங்கேதான் விளைகின்றது. மஞ்சட் குமிழை அழுத்தினால் முன்சில்லுகளும் இழுக்கும். சிவப்புத் தண்டைப் பின்னே இழுத்தால் தாழ்ந்த வீச்சு விழும். அப்போதும் நான்கு சில்லுகளே இழுக்கும். சிவப்புத் தண்டை இழுக்குமுன் வண்டி முற்றாக நிற்க வேண்டும். மணலிற் புதையத் தொடங்கிய பின் அவசரமாக இழுப்பதினும், மணலில் இறங்குமுன்னரே இழுத்துவிடுதல் நன்று.

திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளிலும் அதிக தூரம் உருளுகின்றன. மணலில் சில்லு சறுக்கி இவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். பாலாவி–கற்பிட்டித் தார் வீதியில் அவ்வாறு சறுக்க இடமில்லை. ஆகவே அந்த முறுக்கு முழுவதும் பற்சக்கரங்களிலும் தண்டுகளிலும் ஏறி நிற்கும். தார் வீதியை அடைந்தவுடன் வண்டியை நிறுத்திச் சிவப்புத் தண்டைப் பின்னும் முன்னுமாகத் தள்ளினால், மஞ்சட் குமிழ் மேலெழும்பி முன்சில்லுகள் விடுபடும். எழும்பாவிடின் சுத்தியலை எடுக்க வேண்டா. நேராகச் சில யார் தூரம் பின்னோக்கிச் செலுத்துக. முறுக்கு அவிழ்ந்து குமிழ் தானே எழும்பும்.

எஞ்சின் ஓட, கியரும் விழ, வண்டி மட்டும் நகராவிடின் பின் அக்சில் தண்டு முறிந்திருக்கலாம். அப்போது மஞ்சட் குமிழை அழுத்திப் பார்க்க. வண்டி நகர்ந்தால், முன்சில்லுகளின் வலுவிலேயே மெதுவாக வீடு சேரலாம். முன்சில்லுகளில் விடுபடு ஹப் பூட்டப்பட்டிருப்பின் இரண்டையும் இணைத்தல் அவசியம். இங்கு ஓர் அபாயம் உண்டு. இவ்வண்டிகளின் கைப்பிரேக்கு சில்லுகளிலன்றி, டிரான்ஸ்பர் பெட்டியின் பின்னால் புரொப்பெல்லர் தண்டையே பிடிப்பதாகும். பின் அக்சில் தண்டு முறிந்த வண்டியைக் கைப்பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்தினால் அது உருண்டுவிடும். பின்சில்லு ஒன்றை ஜாக்கியால் உயர்த்தினாலும் அவ்வாறே. மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையாமல் எவரும் வண்டியின் கீழே செல்லலாகாது.

உவர்நீரும் எண்ணெயும்

ஓடிச் சூடேறிய அக்சில் களப்பு நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்றுச் சடுதியிற் சுருங்கும். காற்றுத் துவாரம் மணலால் அடைபட்டிருப்பின் சீல்களின் வழியே உவர்நீர் உள்ளிழுக்கப்படும். ஆகையால் நீரில் இறங்குமுன் சிறிது நேரம் ஆறவிடுக. கிளச்சு உறையின் அடித்துளைக்கு உரிய திருகை நீரில் இறங்குமுன் பூட்டி, கரையேறியதும் கழற்றுக. கழற்றாது விட்டால் ஒழுகும் எண்ணெய் உள்ளே தேங்கிக் கிளச்சுத் தட்டை நனைத்துவிடும். பின்னர் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவி, தண்டு மூட்டுகளுக்குக் கிறீஸ் இடுதல் வேண்டும்.

அடுத்த நாள் எண்ணெய்களைப் பார்க்க. பால்தேநீர் போற் கலங்கியிருந்தால் நீர் புகுந்துள்ளது; உடனே மாற்றுக. பிரதான பெட்டிக்கு ஏறத்தாழ 1.5 லீற்றரும், டிரான்ஸ்பர் பெட்டிக்கு 2.5 லீற்றரும், டிபரன்சியல் ஒவ்வொன்றிற்கும் 1.75 லீற்றரும், முன்சில்லின் திருப்பு உறை ஒவ்வொன்றிற்கும் அரை லீற்றரும் ஈ.பி. 90 எண்ணெய் தேவை. ஜீ.எல். 5 தர எண்ணெய்களுட் சில வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடியவை. ஆகவே கியர்பெட்டிக்கு ஜீ.எல். 4 கேட்டு வாங்குக. பிரதான பெட்டியில் எண்ணெய் குறைந்து டிரான்ஸ்பர் பெட்டியில் மட்டம் ஏறுமாயின் இடையிலுள்ள சீல் பழுதென்க. கைப்பிரேக்கு எண்ணெயில் நனைந்து பிடியாதிருப்பின் டிரான்ஸ்பர் பெட்டியின் பின் சீலை மாற்றுக.

வடித்த எண்ணெயை விரல்களிடையே தேய்த்துப் பார்த்தல் நற்பழக்கம். மாவு போன்ற கருந்துகள் வயதின் அடையாளம், அஞ்ச வேண்டியதில்லை. பொன்னிறத் துகள் மிகுந்தால் சின்குரோ வளையமோ புஷ்ஷோ தேய்கின்றது. பல்லின் துண்டு கிடைத்தால் அதன்மேல் ஒரு மைலும் ஓட்டலாகாது. வண்டி வாங்கச் செல்வோரும், விற்பவர் உடன்படின், மட்டத் திருகைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரைச்சலை அடக்க எண்ணெயில் மரத்தூள் கலப்பது மிகப் பழைய தந்திரமாகும். விரலில் நார் தட்டுப்பட்டால் பேரத்தை அவ்விடத்திலேயே நிறுத்துக.

வடித்த பழைய எண்ணெயைத் தோட்டத்து மணலில் ஊற்றக் கூடாது. கற்பிட்டிக் கிணறுகளின் நன்னீர் ஆழமற்ற மணற்படையிலேயே நிற்கின்றது. மேலே ஊற்றுவது எளிதில் அந்நீரை அடையும். மூடியுள்ள தகரப் பேணியிற் சேர்த்து, பழைய எண்ணெய் எடுக்கும் கராஜிலோ எரிபொருள் நிலையத்திலோ ஒப்படைக்க.