அயலார் கண்ணும் நம் வழிபாடும்



கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் முன்னே ஒரு மாலை வேளையில் நீங்கள் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இஸ்லாமிய நாட்காட்டியின் ஆறாம் மாதமாகிய ஜமாதுல் ஆகிர் பிறந்துவிட்டது. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக அன்று கொடியேற்றம். ஊர்ப் பெரிய பள்ளிவாசலிலிருந்து கொடி ஊர்வலமாக வருகிறது. பக்கீர் பாவாமார் றபான் அடித்துப் பாடி வருகின்றனர். கொடி மேலே ஏற, கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்க்கிறது. பின்னர் பன்னிரண்டு நாட்கள் மௌலூது ஓதப்படும். முடிவில் கந்தூரிச் சோறு பங்கிடப்படும். நேர்ச்சையோடு வருவோரில் இந்துக்களும் உண்டு.

நீங்களோ அந்த விசுவாசத்தைச் சேர்ந்தவரல்லர். ஓதப்படும் அரபுச் சொற்கள் உங்களுக்கு விளங்கா. பாவாமார் ராத்தீபு நடத்தி, கூரிய கருவிகளால் தம் உடலைக் குத்திக்கொள்வதைக் கண்டால் திகைத்துப்போவீர்கள். "இவர்களுக்கு என்ன, மதி மயங்கிவிட்டதா?" என்று உள்ளம் கேட்கும்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. புனித சின்னப்பர் இதையே நம்மைப் பற்றி எழுப்பியிருக்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தைத் திறந்து, 23 முதல் 25 வரையுள்ள வசனங்களை வாசியுங்கள். சபை கூடியிருக்கிறது; எல்லாரும் விளங்காத மொழியில் பேசுகின்றனர். விசுவாசமில்லாத ஒருவர் உள்ளே வந்தால், பித்துப் பிடித்தவர்கள் என்றல்லவா நினைப்பார் என்கிறார் சின்னப்பர். ஆனால் அங்கே உள்ளத்தைத் தொடும் இறைவாக்கு ஒலித்தால், வந்தவர் தம் நிலையை உணர்ந்து, கடவுள் இங்கே இருக்கிறார் என்று பணிவார். கவனியுங்கள்: வெளியாளின் கண்ணுக்கு சின்னப்பர் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்!

அப்படிப்பட்ட ஒரு கண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பிரெஞ்சு நாட்டவரான சார்ல்ஸ் தெ ஃபூக்கோ இளமையிலேயே விசுவாசத்தை இழந்தவர். 1883இலும் 1884இலும் மாறுவேடம் பூண்டு மொரோக்கோ நாட்டில் பயணம் செய்தார். முஸ்லிம்கள் இறைவன் முன்னிலையில் வாழ்பவர்களாய்த் தொழுவதை அங்கே கண்டார். யாரும் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. ஆயினும் அந்தக் காட்சி அவரை உலுக்கியது. உலகக் காரியங்களைவிடப் பெரியது ஒன்று உண்டோ என்று தேட வைத்தது. 1886இல் பாரிஸில் பாவசங்கீர்த்தனம் செய்து அவர் மீண்டும் விசுவாசி ஆனார். 2022 மே 15ஆம் நாள், குமரி மண்ணின் தேவசகாயம் பிள்ளையோடு அவரும் புனிதராக அறிவிக்கப்பட்டார். பிறர் தொழுததைக் கண்டவர் தம் வீட்டுக்கே வழி கண்டார்!

இதிலிருந்து நாம் கற்பது என்ன?

முதலாவது, பிறர் வழிபாட்டின் முன் விருந்தாளியாய் நிற்க வேண்டும். நமக்கு விளங்காததெல்லாம் பொருளற்றது ஆகிவிடாது. நம் விசுவாசம் அல்லாததை நமதென்று நடிக்கவும் வேண்டாம். ஏளனம் செய்யவும் வேண்டாம். முஸ்லிம்களை மதிப்போடு நோக்கவே 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது.

இரண்டாவது, ஒரு சமயத்தார் அனைவரையும் ஒரே கண்ணால் பார்க்கலாகாது. 2019 உயிர்ப்பு ஞாயிறன்று நம் ஆலயங்களில் சிந்திய இரத்தத்தை நாம் மறக்கவில்லை. ஐந்து நாள் கழித்து, கல்முனையை அடுத்த சாய்ந்தமருதிலும் குண்டு வெடித்துக் குழந்தைகள் மாண்டனர். அதற்குப் பின் தொப்பியையும் தாடியையும் கண்டு நம்மில் பலர் ஒதுங்கினோம். ஆனால் அந்தக் கும்பலின் தலைவன் 2017இலேயே காத்தான்குடியில் சூஃபி வழி முஸ்லிம்களோடு வன்முறையில் மோதியவன். கொடியேற்றி மௌலூது ஓதுவோரையும் அவன் வெறுத்தான், நம்மையும் வெறுத்தான். அவனுக்காக இவர்களைச் சந்தேகிப்பது நீதியாகுமா?

மூன்றாவது, நம் கோவிலின் கடைசி வாங்கிலும் ஓர் அயலார் இருக்கலாம். திருமணத்திற்கு வந்த முஸ்லிம் நண்பராகவோ, அடக்கத்திற்கு வந்த இந்து அயல்வீட்டாராகவோ இருக்கலாம். நம் மறையுண்மைகள் அவருக்குத் தெரியா. நாம் முழந்தாளிடும் விதம், பூசை நடக்கையில் வாசலில் கதை பேசும் விதம், ஏழைக்கு இடம் விடும் விதம் ஆகியவையே அவர் கண்ணில் படும். அவர் வாசிக்கும் மறைநூல் நாமே.

சிந்தனைக்கு:

1. பிற சமயத்தார் வழிபாட்டை நான் கடைசியாகக் கண்டபோது என் மனத்தில் எழுந்தது மதிப்பா, ஏளனமா, பயமா?

2. சென்ற ஞாயிறு என் பக்கத்தில் ஓர் அயலார் இருந்திருந்தால், கடவுள் இங்கே இருக்கிறார் என்று சொல்லியிருப்பாரா?