எலியை விரட்டுமா மீயொலி?

மனிதச் செவி வினாடிக்கு 20 முதல் 20,000 வரை அதிரும் ஒலிகளையே உணரும். அதற்கு மேற்பட்ட அதிர்வெண் கொண்டவை மீயொலி எனப்படும். இம்மீயொலியால் எலிகளை விரட்டலாம் என்று கூறி, மின்சாரப் பிளக்கில் செருகும் சிறு கருவிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. இவை பயன் தருமா என்பதை இங்கு ஆராய முற்படுகிறேன்.

எலியின் செவி

எலிக்கு மீயொலி கேட்கும் என்பதில் ஐயமில்லை. வீட்டெலி ஏறத்தாழ 70,000 ஹெர்ட்ஸ் வரையிலும், சுண்டெலி அதற்கு மேலும் கேட்கும். கூட்டை விட்டு விலகிய சுண்டெலிக் குஞ்சு மீயொலியால்தான் தாயை அழைக்கிறது. ஆபத்தை உணர்ந்த எலி சுமார் 22,000 ஹெர்ட்ஸில் குரலெழுப்பும். ஆகவே விற்பவர் கூற்றில் பாதி உண்மை. ஆனால் கேட்பது வேறு. அஞ்சி ஓடுவது வேறு.

ஒலியின் இயல்பு

காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். எனவே 40,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.5 மில்லிமீட்டரே. இத்தகைய சிற்றலை, பொருள்களைச் சுற்றி வளைந்து செல்லாது. ஓர் அரிசி மூட்டை குறுக்கே இருந்தால் அதன் பின்புறம் ஒலி நிழலாகிவிடும். எலி வசிப்பதோ அந்த நிழலில்தான்! சுவரையும் இவ்வொலி கடப்பதில்லை. தொலைவு இருமடங்கானால் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது நாம் படித்த விதி. அதற்கு மேல், உயர் அதிர்வெண் ஒலியைக் காற்றே விரைவாக உறிஞ்சிவிடுகிறது.

பழக்கத்தின் வலிமை

எங்கள் தெரு மளிகைக் கடையில் இக்கருவி ஒன்றை வாங்கி வைத்தனர். கடைக்காரர் இசைவுடன், நான் இரவில் சுவரோரம் மாவைத் தூவிக் காலையில் எலித் தடங்களைப் பார்த்து வந்தேன். முதலிரு நாள்கள் தடங்கள் குறைந்தன. ஒரு வாரத்திற்குள் பழையபடி பெருகின. புதிய ஓசை தீங்கு செய்யவில்லை, உணவும் அருகில் இருக்கிறது என்றால் எலி அதற்குப் பழகிவிடும். இருப்புப்பாதை அருகில் குடியிருப்போர் ரயில் ஓசையில் உறங்கவில்லையா?

ஒரு கடையில் கண்டது முடிந்த முடிவாகாது. ஆயினும் ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகளும் இதையே காட்டுகின்றன. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2001இல், இத்தகைய கருவிகளைச் செய்வோரும் விற்போருமாக அறுபதுக்கும் மேற்பட்டோருக்குத் தக்க அறிவியல் சான்று வேண்டும் என எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

செய்யத்தக்கது யாது?

சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடுக்கே போதும். எனவே துளைகளைச் சிமெண்டாலும் கம்பி வலையாலும் அடைக்க வேண்டும். தானியத்தை மூடியுள்ள தகர டப்பாவில் வைக்க வேண்டும். மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி, பலகை மேல் அடுக்க வேண்டும். எலி சுவரோரமாகவே ஓடும். ஆதலால் பொறியை அங்கே வைப்பதே பலன் தரும்.

கருவியை நம்பி இவற்றைக் கைவிடுவோர்க்குப் பணத்தோடு தானியமும் நட்டம். எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலும் வரக்கூடும். அறிவியலின் பெயரால் விற்கப்படும் எதையும் அறிவியல் முறையிலேயே சோதித்தறிவது மாணவராகிய நம் கடமையாகும்.