மருத்துவக் கல்லூரி: கட்டணத்தைப் பார்ப்பதா, ஊரைப் பார்ப்பதா?

நீட் மதிப்பெண் வந்து, தரவரிசைப் பட்டியலும் வெளியான பிறகு, கலந்தாய்வுக்காகக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் அந்தச் சில நாள்களில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. பிள்ளைக்கு ராமநாதபுரத்திலோ கள்ளக்குறிச்சியிலோ அரசுக் கல்லூரி கிடைக்கும். அதே மதிப்பெண்ணுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடமும் கிடைக்கும். "அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டுமா? கடன் வாங்கியாவது இங்கேயே சேர்த்துவிடலாமே" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது.

குழப்பத்துக்குக் காரணம் கட்டணத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு. தமிழகத்தில் அரசுக் கல்லூரியின் ஆண்டுப் படிப்புக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குச் சமீப ஆண்டுகளில் ஏறத்தாழ நாலரை லட்சம் ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பதிமூன்று லட்சத்துக்கும் மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. விடுதி, மெஸ், புத்தகச் செலவுகள் தனி. முதலாண்டுத் தொகையை மட்டும் புரட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள்தான் மூன்றாம் ஆண்டில் நகையை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 4 லட்சம் வீதம் ஐந்து ஆண்டுகள் கல்விக்கடன் வாங்குகிறீர்கள். வட்டி 10 சதவீதம். படிப்பு ஐந்தரை ஆண்டு, அதற்குமேல் ஓராண்டு தவணை விடுப்பு (திருப்பிச் செலுத்தத் தொடங்கும்வரை வங்கி தரும் அவகாசம்). அந்தக் காலத்தில் தனி வட்டி மட்டுமே போட்டாலும், வாங்கிய 20 லட்சம் 29 லட்சமாகிவிடும். அதைப் பதினைந்து ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் ரூ. 31,000. தவணை தொடங்கும் அதே சமயத்தில்தான் இளம் மருத்துவர் முதுநிலை நீட் தேர்வுக்காக, பெரும்பாலும் வருமானம் இல்லாமல், உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். எம்.பி.பி.எஸ்.ஸுக்கே கையிருப்பெல்லாம் கரைந்துவிட்டால் அப்படி உட்கார்ந்து படிப்பதற்கான ஓராண்டை அவருக்கு யார் தருவது? இதனால்தான் கட்டணத்தை ஐந்தரை ஆண்டுக்கு அல்ல, முதுநிலைப் படிப்பையும் சேர்த்துப் பத்து ஆண்டுகளுக்குக் கணக்கிடச் சொல்கிறேன்.

அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தனியார் கல்லூரியானாலும் படிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. அவர்கள் பணக்கவலையை விட்டுவிட்டு மருத்துவமனையின் தரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

இனி ஊர். ஊர் முக்கியம்தான். ஆனால் பேருந்து எத்தனை மணி நேரம் என்பதைவிட, அந்த ஊரின் நோயாளிகள் எந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்பது பல மடங்கு முக்கியம். மருத்துவம் வார்டில்தான் கைவசமாகும். 100 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரியின் மருத்துவமனையில் 420 படுக்கைகள் வேண்டும், 150 பேருக்கு 605 வேண்டும் என்கின்றன தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிகள். படுக்கை இருந்தால் மட்டும் போதாது. அதில் நோயாளி இருக்க வேண்டும்.

இதை நீங்களே நேரில் போய்ப் பார்க்கலாம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புறநோயாளிச் சீட்டு தரும் இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வரிசை நீளமாக இருக்கிறதா? மகப்பேறு வார்டில் மாதம் எத்தனை பிரசவம் நடக்கிறது? இரவில் விபத்துப் பிரிவுக்கு ஆம்புலன்ஸ் வருகிறதா? அலுவலகத்தில் விசாரிப்பதைவிட, அங்குள்ள ஹவுஸ் சர்ஜன்களிடம் (பயிற்சி மருத்துவர்களிடம்) பேசுங்கள். நீங்களே பிரசவம் பார்த்திருக்கிறீர்களா, தையல் போட்டிருக்கிறீர்களா, ஊக்கத்தொகை ஒழுங்காக வருகிறதா, எல்லாத் துறைகளிலும் பேராசிரியர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதையே ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு அரசுக் கல்லூரிகளைப் பற்றிப் பெற்றோர் தயங்குவதைப் பார்க்கிறேன். விருதுநகர், நாமக்கல், அரியலூர், நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் உள்ள கல்லூரிகள் அவை. கட்டடம் புதிது, பெயர் பழகவில்லை. சில துறைகளில் ஆசிரியர் பற்றாக்குறையும் இருக்கக்கூடும். ஆனால் மாவட்டத்து மக்கள் நம்பி வரும் அரசு மருத்துவமனை அங்கே உண்டு. 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடங்களில் அரிய நோய்களைப் பார்க்கலாம். ஆனால் அங்கே முதுநிலை மாணவர்கள் முன்னால் நிற்பார்கள். மாவட்டக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனின் கைக்கே வேலை வரும் வாய்ப்பு அதிகம். நோயாளிகள் குறைவாக வரும் மாநகரத் தனியார் கல்லூரியைவிட, நெரிசலான மாவட்ட அரசுக் கல்லூரியே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அகில இந்திய ஒதுக்கீட்டில் (அரசு இடங்களில் நாடு முழுவதற்கும் விடப்படும் 15 சதவீதம்) வெளிமாநிலக் கல்லூரி கிடைத்தால், ஊரின் எடை கூடுகிறது. நோயாளியிடம் நோய் வரலாறு கேட்க அவருடைய மொழி தெரிந்தாக வேண்டும். சில மாநிலங்களில் பாண்டு (படித்து முடித்ததும் கட்டாயப் பணி செய்வதாக எழுதித் தரும் ஒப்பந்தம்) உண்டு; மீறினால் பல லட்சம் கட்ட வேண்டிவரும். இன்னொன்றும் இருக்கிறது. குடியிருப்பின் அடிப்படையில் முதுநிலை மருத்துவ இடங்களை ஒதுக்குவது செல்லாது என்றும், அதே கல்வி நிறுவனத்தில் படித்தவர்களுக்கு ஓரளவு முன்னுரிமை தரலாம் என்றும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே எம்.பி.பி.எஸ். எங்கே படிக்கிறோம் என்பது நாளைய முதுநிலை இடத்தையும் தொடும். தகவல் கையேட்டில் அந்தப் பகுதியை விடாமல் படியுங்கள்.

பெண் பிள்ளை என்பதற்காக மட்டும் அரசுக் கல்லூரியைக் கைவிட்டு, பக்கத்துத் தனியார் கல்லூரியில் சேர்க்காதீர்கள். உங்கள் கவலை நியாயமானது; அதைக் கேள்விகளாக மாற்றுங்கள். விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா, இரவுப் பணி முடிந்து திரும்பும் வழியில் வெளிச்சமும் காவலும் உண்டா, விடுதிக் காப்பாளர் அங்கேயே தங்குகிறாரா என்று பாருங்கள். மாணவருக்குத் தொடர் சிகிச்சை தேவைப்படும் நோய் இருந்தாலோ, வீட்டில் அவரை நம்பி நோயாளி ஒருவர் இருந்தாலோ, அப்போது அருகில் இருப்பதற்காகக் கூடுதலாகச் செலவழிப்பது சரியான முடிவு.

கலந்தாய்வுக் காலத்தில் தொலைபேசி அடிக்கடி ஒலிக்கும். "நிர்வாக இடம் பிடித்து வைத்திருக்கிறேன், இன்றே முன்பணம் கட்டுங்கள்" என்பவரை நம்பாதீர்கள். அரசு நிர்ணயித்ததற்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தமிழகத்தின் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ரசீது இல்லாமல் கொடுத்த பணம் திரும்புவது அரிது. அவசரத்தில் நிலத்தை விற்காதீர்கள். உறவினர் சொல்லும் பழைய தகவலையும் சரிபாருங்கள். சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை அரசு 2021-இல் ஏற்று, கட்டணத்தை அரசுக் கல்லூரிகளுக்கு இணையாகக் குறைத்தது. இன்றும் அதை அதிகக் கட்டணக் கல்லூரி என்று தள்ளிவைப்பவர்கள் உண்டு. ராசியான திசை பார்த்துக் கல்லூரி தேர்ந்தெடுப்பதும் வேண்டாம்.

விருப்பப் பட்டியலை நிரப்பும்போது, கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை மேலே வைத்தால் வாய்ப்பு வீணாகும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. உங்கள் தரவரிசைக்குப் பட்டியலில் மேலிருந்து எது கிடைக்கிறதோ அதையே ஒதுக்குவார்கள். உண்மையான விருப்ப வரிசையிலேயே எழுதுங்கள். எழுதும்போது பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். சேர விரும்பாத கல்லூரியை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள். குறிப்பிட்ட சுற்றுக்குப் பிறகு இடத்தை விட்டு விலகினால் அபராதம் உண்டு. அந்தத் தேதியை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.